ஆறாம் லைனில் விழுந்த தையல்

ஆயுத பூஜை அன்றைக்குத் தையல் மெஷினை மிதிக்கக் கூடாது என்பது நாகஜோதிக்குத் தெரியாததா என்ன, நன்றாகத் தெரியும், ஆறாம் லைனில் தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், அன்றைக்கு அரிவாள்மனையிலிருந்து ஆட்டோ வரைக்கும் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும், ஆனால் லைன் சங்கத் தலைவர் ராமசுப்புவின் சம்சாரத்துக்கு மட்டும் அது தெரியவில்லை, தெரிந்தும் தெரியாத மாதிரி மயில்நீல ஜாக்கெட்டுத் துணியைக் கொண்டுவந்து நாகஜோதியின் மடியில் போட்டு, "சாயங்காலம் பூஜைக்குப் போடணும், ஒரே ஒரு தையல்தானே" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

ஒரே ஒரு தையல்தானே. இந்த ஒரு பேச்சுக்காகவே அந்த லைனைக் கொளுத்தலாம் என்று நாகஜோதிக்குப் பலநாள் தோன்றியிருக்கிறது. பாவாடை நாடா கழன்றாலும் ஒரே ஒரு தையல்தான், பள்ளிக்கூடப் பை வாயைப் பிளந்தாலும் ஒரே ஒரு தையல்தான், கோயில் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரைக்கும் கிழிந்து கிடந்தாலும் அதுவும் ஒரே ஒரு தையல்தான். வீட்டில் மெஷின் வைத்திருக்கிறவள் என்றால் அவளுக்குக் காலும் வலிக்காது கண்ணும் எரியாது என்று இந்த ஜனங்களுக்கு எவன் சொல்லிக் கொடுத்தானோ.

மில் மூடி வெகுகாலம் ஆகியும் மில் லைன் என்றே பேர் நிலைத்துவிட்ட அந்த ஓட்டு வீடுகளில், கடைசி வீட்டில், நாகஜோதி தனியாகக் குடியிருந்தாள். புருஷன் சோலைராசா லாரி ஷெட்டில் வேலை பார்ப்பவன்; குடிப்பான், அடிப்பான், அடித்துவிட்டு அழுவான், தன்னை அழ வைத்ததற்காக மறுபடியும் அடிப்பான். அவளுடைய இடது மணிக்கட்டை அவன் ஒடித்து, மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்கே மெஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவள்தான் இங்கே. மெஷின் அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. அது ஓடினால் சோறு, அது ஓடினால் வாடகை, அது ஓடுகிற வரைக்கும் அந்த ஆள் வீட்டுப் படியை மறுபடி மிதிக்க வேண்டியதில்லை. தெருவுக்கு இது பொறுக்கவில்லை. வயசுப் பொம்பளை தனியாக இருக்கலாமா, என்ன இருந்தாலும் புருஷன் இல்லையா என்று கேட்டுக்கொண்டே கிழிந்த தலையணை உறையை நீட்டுவார்கள்.

ஆகையால் அன்றைக்கு அவள் கோபத்தோடுதான் மிதித்தாள். சந்தனம் காயாத மெஷினைப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். சக்கரம் சுற்றியது, ஊசி கொத்தியது, துணி நகர்ந்தது, நூல்கண்டு துள்ளித் துள்ளி நூலை விட்டது, ஆனால் துணியில் ஒரு தையலும் விழவில்லை. எறும்பு நடந்த மாதிரி வரிசையாக ஓட்டைதான் இருந்தது. போன நூல் எங்கே போனது என்று அவள் குனிந்து பார்த்தாள், தரையிலும் இல்லை, மெஷினுக்கு அடியிலும் இல்லை.

மெஷின் மக்கர் பண்ணினால் முதலில் மனுஷி தன்னைத்தான் சந்தேகப்பட வேண்டும், அதுவும் அவளுக்குத் தெரியும். மேல் நூலை உருவி மறுபடியும் கோத்தாள், பாபினைக் கழற்றிச் சுற்றினது சரியா என்று பார்த்து மாட்டினாள், ஊசியின் சப்பைப் பக்கம் மாறிவிட்டதோ என்று கழற்றித் திருப்பிப் பார்த்தாள், பழைய ஊசியை எறிந்துவிட்டுப் புது ஊசி போட்டாள், பாதத்தைத் தூக்கி அடியில் இருக்கிற பல்லில் அடைந்திருந்த பஞ்சைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள், டென்ஷன் தட்டுக்குள் போய் இறுகியிருந்த சந்தனத்தைக் குண்டூசியால் சுரண்டி ஊதினாள், திருகை ஒரு சுற்று இறுக்கினாள், ஒரு சுற்றுத் தளர்த்தினாள், எண்ணெய் விட்டாள், வெட்டுத் துணியில் ஓட்டினாள். மெஷின் வெண்ணெய் மாதிரி ஓடியது. துணியில் ஓட்டைதான் விழுந்தது. "சனியனே, உனக்கும் என்மேல எளக்காரமாப் போச்சா" என்று சக்கரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். கைதான் வலித்தது.

தையல் எங்கே போனது என்று சாயங்காலம் தண்ணி வந்தபோது தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரியின் பிளாஸ்டிக் குடம் வெகுநாளாகவே அடியிலிருந்து கழுத்துவரை விரிசல் விட்டது, பாதித் தண்ணி வழியிலேயே ஒழுகிவிடும், அந்தக் குடத்தில் விரிசல் நெடுக மயில்நீல நூலில் தையல் ஓடியிருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. குழாயடியில் குடம் மாறாமலிருக்க அவரவர் குடத்தின் கழுத்தில் ஒரு துணி கட்டி வைப்பது அந்த லைனின் வழக்கம், ஆரோக்கியமேரி கட்டியிருந்தது காலையில் நாகஜோதி வெட்டிப்போட்ட ஜாக்கெட்டுத் துணியின் துண்டு. நின்ற பெண்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒருத்தி விரலால் தடவிப் பார்த்து, தையல் கோணாமல் நேராக இருக்கிறது என்றாள். இன்னொருத்தி தன் குடத்துக்கு ரோஸ் கலரில் போட முடியுமா என்று கேட்டாள். தலைவர் சம்சாரம் வந்தாள், பார்த்தாள், "என் ஜாக்கெட்டுக்குப் போட வேண்டிய நூலு இது, குடத்தை என்கிட்ட குடு" என்று ஆரோக்கியமேரியிடம் மல்லுக்கு நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் நாகஜோதியின் வாசலில் கூட்டம். கிழிந்தது, விரிந்தது, உடைந்தது, பிளந்தது என்று என்னவெல்லாம் ஒரு வீட்டில் மூலையில் கிடக்குமோ அதெல்லாம் வந்து வரிசையில் நின்றது, அதோடு ஆளுக்கு ஒரு கந்தைத் துணி. பாதியைக் கிழித்துப் பொருளில் கட்டு, மீதியை ஊசிக்கடியில் வை, மெஷினை மிதி, தையல் பொருளில் விழும். சூத்திரத்தை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், நாகஜோதியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வார் அறுந்த செருப்பில் தையல் விழுந்தது, ஓட்டுச்சாய்ப்பின் விரிசலில் விழுந்தது, சைக்கிள் டியூபில் விழுந்தது, கால் ஒடிந்த கட்டிலில் விழுந்தது, நாய் கடித்த ஆட்டின் காதில் விழுந்தது, ஆடு கத்தக்கூட இல்லை, ரத்தமும் இல்லை வலியும் இல்லை, தையல் மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது. மேல்நிலைத் தண்ணித்தொட்டி வெடித்துக் கசிந்ததை நகராட்சி வந்து பார்க்கும் பார்க்கும் என்று காத்திருந்து தலை நரைத்தவர்கள், தொட்டியின் இடுப்பில் ஒரு பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டினார்கள், நாகஜோதி மிதித்தாள், தொட்டி சுற்றிலும் வெள்ளைத் தையல் ஓடி அடைத்துக்கொண்டது. ஜனங்கள் கை தட்டினார்கள். தட்டியது தொட்டிக்கு.

துணியில் மட்டும் ஒரு தையலும் விழவில்லை. கொடுத்திருந்த ஜாக்கெட்டுகள் வெட்டின வாக்கிலேயே கிடந்தன, கேட்டுப் பார்த்த பிறத்தியார் எல்லாம் பஜார் டெய்லரிடம் போய்விட்டார்கள். மெக்கானிக்கை வரவழைத்தாள், அவன் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மெஷின்ல ஒரு குத்தமும் இல்லக்கா, இதுமாதிரி ஓடுற மெஷின நான் பாத்ததே இல்ல" என்று சொல்லி, போகிற போக்கில் தன் பைக் சீட்டு கிழிசலுக்கு ஒரு தையல் போட்டுக்கொண்டு போனான்.

அவள் தலைவரிடம் போய் நின்றாள். ராமசுப்பு பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர், யார் எப்போது எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவருக்கு விட்டுப்போகாத பழக்கம்.

"அண்ணே, நாள் பூரா தெருவுக்கு மிதிக்கிறேன். என் அடுப்பு எப்படி எரியும்?"

"இதென்னம்மா பேச்சு. இத்தன வீடு இருக்கு, உனக்கு ஒரு வா சோறு போட மாட்டோமா?"

"நான் சோறு கேக்க வரல. நான் எதைத் தைக்கிறேன் எதைத் தைக்கலங்கிறது என் இஷ்டம்னு சொல்ல வந்தேன். மெஷின் என்னுது."

"மெஷின் உன்னுதுதான், யாரு இல்லைன்னா? ஆனா தையல் ஊருதுல்ல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எத்தனை கருணை தெரியுமா, வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம், அத்தனை கருணை. அன்றிலிருந்து நாகஜோதிக்கு முறை வைத்துச் சோறு வந்தது. ஒரு வீட்டில் புளித்த இட்லி, ஒரு வீட்டில் நேற்றைய குழம்பு, தட்டைக் கீழே வைக்கும்போதே ஒரு கிழிசலையும் கூட வைத்தார்கள். தன் கையால் உழைத்துத் தன் அடுப்பில் வடித்துத் தின்றவள், ஒருத்தி பாத்திரத்தில் ஒருத்தி போட்டதை விழுங்க வேண்டியிருந்தது. சோறு போடுகிறவர்களுக்கு வாயும் நீண்டது. நேற்றுவரை ஜாடையாகப் பேசியவர்கள் இப்போது நேராகவே கேட்டார்கள், ஏன் பூ வைக்கவில்லை, ஏன் அந்த மெக்கானிக்கிடம் அவ்வளவு நேரம் பேசினாய், ஏன் புருஷனுக்கு ஒரு போன் போடக்கூடாது என்று.

கொஞ்சநாளில், வரிசை நிற்க இடமில்லை என்று சொல்லி, மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சங்கக் கட்டிடத்தில் வைத்தார்கள். அவள் வாசலில் குறுக்கே நின்று தடுத்தாள். "பொது நன்மைம்மா, வழிய விடு" என்று அவளை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுத் தூக்கினார்கள். வீட்டுச் சுவரில் மெஷின் சாய்ந்திருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. மணிக்கட்டை ஒடித்தவன்கூட மெஷினை விட்டுவைத்தான், பாவிகள், இவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார்கள்.

பொருள்களெல்லாம் தைத்து முடிந்தபிறகு மனுஷர்களைக் கொண்டுவந்தார்கள். முதலில் வந்தது கக்கூஸ் சுவருக்காக முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பி இருவர். மனுஷர்களுக்குக் கந்தை கட்ட வேண்டியதில்லை, அவரவர் எப்போதோ உடம்பில் கட்டிய துணியே போதும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார், இரண்டு பேர் துண்டையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து அவளை மிதிக்கச் சொன்னார், எதிரெதிர் மூலையில் நின்றவர்கள் அப்படியே இழுபட்டு வந்து தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள், முழங்கைவரைக்கும் தோலோடு தோலாகத் தையல். கத்தரிக்கோல் வைத்துப் பார்த்தார்கள், அது பாகில் வைத்த மாதிரி வழுக்கியது. ஒரே கக்கூஸுக்கு இருவரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்ததில் சண்டை தானாகத் தீர்ந்தது, அல்லது தீர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள், பிறகு நாகஜோதி பிளேடு வைத்து அறுத்தபோதுதான் நூல் அறுந்தது. தைத்த கையால்தான் அறுக்க முடியும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அந்த வெற்றி ராமசுப்புவின் தலைக்கு ஏறிவிட்டது. சங்கக் கூட்டத்தில் மாலைபோட்ட படங்களுக்குக் கீழே நின்றுகொண்டு மைக்கில் பேசினார். "ஊருல இருக்கிறதையெல்லாம் ஒட்ட வைக்கிற நம்ம புள்ள, தான் மட்டும் பிரிஞ்சு கெடக்கு. இது நமக்கு அழகா? சோறு போட்டாப் போதுமா, ஒரு வாழ்க்கையப் போட வேணாமா?" என்றார். பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாகஜோதி எழுந்து, "எனக்கு வேணாம்" என்றாள். மைக் இல்லாததால் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடியும் சொன்னாள். "கூச்சப்படுது" என்றாள் தலைவர் சம்சாரம்.

ஆள் அனுப்பி, வெள்ளிக்கிழமை காலையில் சோலைராசாவைச் சங்கத்துக்கு அழைத்து வந்தார்கள். சவரம் செய்து, வெள்ளை வேட்டி சட்டையில், மாப்பிள்ளை மாதிரிதான் வந்தான். கூடவே அவன் அக்கா பஞ்சவர்ணம், புருஷன் செத்தபிறகு பக்கத்து ஊரில் தனியாக இட்லிக்கடை போட்டுப் பிழைக்கிறவள், தம்பிமேல் உயிரையே வைத்திருப்பவள். வந்ததும் நாகஜோதியின் கன்னத்தை வழித்து, "நாகு, ஒத்த மரமா நிக்காத தாயி, ஆம்பளைன்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்வான், நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்றாள். நாகஜோதி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். இனி அந்த வீட்டுக்குப் போனால் தான் உயிரோடு வெளியே வரமாட்டோம் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, தையல் விழுந்துவிட்டால் போகமாட்டேன் என்று சொல்லக்கூட வழியிருக்காது, அவன் நடக்கிற பக்கமெல்லாம் அவளும் நடக்க வேண்டும், அவன் கை ஓங்கினால் விலகி ஓட இடம் இருக்காது. ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். வாசல் நெடுக ஆட்கள் நின்றார்கள், தொட்டியை அடைத்த கை, செருப்பைத் தைத்த கை என்று நன்றி சொன்ன அதே ஆட்கள்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு கூறைச்சேலையை வைத்து நீட்டினார் ராமசுப்பு. "கல்யாணத்துக்குக் கட்டினதும்மா, மாப்பிள்ள பத்திரமா வச்சிருந்து கொண்டாந்திருக்காரு, பாரு."

நாகஜோதி பார்த்தாள். அரக்குப் பட்டு, கடுகு நிறக் கரை. சோலைராசாவின் குடும்பத்தில் கூறைச்சேலை என்றால் அரக்குதான், குலதெய்வத்தின் உத்தரவு என்று வேறு நிறமே எடுக்க மாட்டார்கள், அம்மாவுக்கும் அரக்கு, அக்காவுக்கும் அரக்கு, மருமகளுக்கும் அரக்கு. நாகஜோதி தன்னுடைய அரக்குச் சேலையை வீட்டைவிட்டு வெளியேறிய மறுவாரமே வெட்டி, யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ பட்டுப்பாவாடை தைத்து விற்று, அந்தக் காசில் அரிசி வாங்கிப் பொங்கித் தின்றுவிட்டாள். இந்த ஆள் பெட்டியைத் திறந்திருக்கிறான், அரக்காக ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது, உருவிக்கொண்டு வந்துவிட்டான். முந்தானை ஓரத்தில் கையால் முடிந்த குஞ்சம் தொங்கியது, பஞ்சவர்ணம் தன் கல்யாணத்துக்குத் தானே உட்கார்ந்து முடிந்தது என்று எத்தனையோ தடவை பெருமை பேசிய குஞ்சம். சேலையைத் தாய்வீட்டுப் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தவள், இப்போது தம்பிக்கு நல்லகாலம் பிறந்ததென்று அழுதுகொண்டிருந்ததில் தாம்பாளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், தன் பெண்டாட்டி சேலை எது என்று தெரியாதவன். நாகஜோதிக்குள் கோபம் அப்படியே கொதித்து மேலே வந்தது, வந்து, வாய்வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது. அது தன் சேலை இல்லை என்று அவள் சொல்லவில்லை.

பொண்ணே மிதிப்பது முறையில்லை என்று சொல்லித் தலைவர் சம்சாரம் மெஷினில் உட்கார்ந்தாள். சேலை முந்தானையையும் சோலைராசாவின் வேட்டி நுனியில் கிழித்த துண்டையும் பாதத்துக்கடியில் வைத்து மிதித்தாள். பழக்கமில்லாத கால், சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது, நூல் பட்டென்று அறுந்தது. மறுபடி கோத்து மறுபடி மிதித்தாள், அடியில் நூல் சிக்கிக் கூடு மாதிரி அடைத்துக்கொண்டது. மூன்றாவது தடவை ஊசி ஒடிந்தது.

"எந்திரிங்க. நானே மிதிக்கிறேன்" என்றாள் நாகஜோதி.

சங்கமே பெருமூச்சு விட்டது. மனசு மாறிட்டா என்றாள் ஒருத்தி. ஆரோக்கியமேரி மட்டும் அவள் கையைப் பிடித்து, "வேணாம் ஜோதி, கலகம் பண்ணு, நான் கூட நிக்கிறேன்" என்று காதோடு சொன்னாள். நாகஜோதி அந்தக் கையை அழுத்திவிட்டு உட்கார்ந்தாள். அவசரமே படவில்லை. அடியில் சிக்கியிருந்த நூலையெல்லாம் பொறுமையாகக் கத்தரித்து எடுத்தாள், தடித்த ஊசியாகப் பார்த்து மாட்டினாள், ஜீன்ஸ் பேண்டுக்குப் போடுகிற முரட்டு நூலைக் கோத்தாள், அதே நூலைப் பாபினிலும் சுற்றினாள், தையலைப் பொடியாக, நெருக்கமாக விழும்படி வைத்தாள். பாதத்தை இறக்கினாள். ஆரம்பத்தில் முன்னும் பின்னும் ஓட்டி முடிச்சுப் போட்டாள், ஒரே மூச்சில் கடைசிவரை ஓட்டினாள், கடைசியிலும் முன்னும் பின்னும் ஓட்டி முடிச்சுப் போட்டாள். உயிரோடு இருக்கிற எவளும் அத்தனை பிடிவாதமாக ஒரு தையல் போட்டிருக்க மாட்டாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

குலவை அடங்குமுன் நாற்காலியில் மாலையோடு இருந்த சோலைராசா எழுந்து பக்கவாட்டில் இழுபட்டான், பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து பஞ்சவர்ணம் இழுபட்டு வந்தாள், நடு ஹாலில் அக்காளின் இடது கையும் தம்பியின் வலது கையும் தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒன்றாக ஒட்டிக்கொண்டன, மேலிருந்து கீழ்வரை முரட்டு நூலில் தையல். பஞ்சவர்ணம் கையைப் பார்த்தாள், தாம்பாளத்துச் சேலையைப் பார்த்தாள், குஞ்சத்தைப் பார்த்தாள், "அடப்பாவி, இது எஞ்சேலைடா" என்றாள்.

ராமசுப்பு தொண்டையைக் கனைத்தார். "தப்பு நடந்துபோச்சும்மா. அத்து விட்ரு."

"எல்லாரும் சேர்ந்து குலவை போட்டீங்களேண்ணே" என்றாள் நாகஜோதி. "கூப்பிட்டு வந்தது நீங்க, சேலை கொண்டாந்தது அவரு, அழுதது மதினி. நான் மிதிச்சேன், அவ்வளவுதான். ஒட்டினது ஒட்டினதா இருக்கட்டும். அனுசரிச்சுப் போவாங்க."

சொல்லிவிட்டு மெஷினின் பெல்ட்டைக் கழற்றினாள், ஆரோக்கியமேரி ஒரு பக்கம் பிடித்தாள், இன்னும் ரெண்டு பெண்கள், யாரும் சொல்லாமலே, வந்து பிடித்தார்கள். வாசலில் நின்ற ஆண்கள் வழிவிட்டார்கள். கிட்டே போனால் நமக்கும் ஒன்று விழும் என்று பயந்துதான் விட்டார்கள், நாகஜோதிக்கு அது போதும். வீட்டுக்கு வந்து ஒரு வெட்டுத் துணியை வைத்து ஓட்டிப் பார்த்தாள். தையல் துணியில் விழுந்தது. ஏன் விழுந்தது என்று அவளும் கேட்கவில்லை, மெஷினும் சொல்லவில்லை. தொட்டியிலும் குடத்திலும் ஆட்டின் காதிலும் போட்ட தையல் போட்டபடி இருந்தது, புதிதாக ஒன்றும் விழவில்லை, தெரு இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு அதையும் பழகிக்கொண்டது. அவள் வீட்டுச் சோற்றை அவளே வடித்தாள்.

அடுத்த வாரம் ஒருநாள் முற்பகலில், அவள் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போது, பஞ்சவர்ணம் வந்தாள். தனியாக வர முடியுமா, தம்பியை இழுத்துக்கொண்டு வந்தாள், அவன் காலையிலேயே ஏற்றிக்கொண்டு தலை தொங்கிக் கிடந்தான், மூட்டை சுமக்கிறவள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தாள். கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. கடையைத் திறக்க முடியாமல் மாவு புளித்து வீணாய்ப் போனது என்றாள், அதைத்தான் முதலில் சொன்னாள்.

பிறகு, "இவன் இப்படின்னு நீ ஒரு வார்த்தை சொல்லலியே நாகு" என்றாள்.

நாகஜோதி சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினாள். "சொன்னேன் மதினி. ஒடிஞ்ச கையோட பஸ் ஏறி வந்து, உங்க அடுப்படியில நின்னு சொன்னேன். நீங்க குழம்புக்கு உப்பு பாத்துக்கிட்டே கேட்டீங்க. ஒரு புள்ள பொறந்தா சரியாப் போயிரும்னு சொல்லி, கடைசி பஸ்சுக்குப் பொழுதாச்சுன்னு என்னை அனுப்பி வச்சீங்க."

பஞ்சவர்ணம் வாசல்படியில் உட்கார்ந்தாள். தம்பியும் கூடச் சரிந்தான்.

"இடுப்புல தூக்கி வளத்தேன். என்னையே அடிக்கிறான். ஏன்னு கேட்டா, பக்கத்துல இருக்கேல்ல, அதான்ங்கிறான்."

"தெரியும்."

"அத்து விட்ரு தாயி. இவன்கூட ஒரு மனுஷி இருக்க முடியாது."

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க, இது எனக்குத் தெரியாததா? அங்கிட்டுப் பாத்துச் சொல்லுங்க."

பஞ்சவர்ணம் தெருப்பக்கம் திரும்பினாள். குழாயடியில் பெண்கள் நின்றார்கள், சங்கத்து வாசலில் ராமசுப்பு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பேப்பரைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் முனகினாள். கேட்கவில்லை என்றாள் நாகஜோதி. அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு, இட்லிக்கடையில் ஆள் கூப்பிடுகிற குரலை எடுத்து, "எந்தம்பிகூட ஒரு மனுஷி இருக்க முடியாது. நான் இருந்து பாத்துட்டேன். நாகுவ இவன்கூட அனுப்புனா செத்துருவா" என்று கத்தினாள்.

குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தது, யாரும் அதை எடுக்கவில்லை. நாகஜோதி பிளேடை எடுத்துக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்து, நாத்தனாரின் தோளில் முதல் தையலை அறுத்தாள். அவள் கோபம் தணிந்துவிட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தையல் அறுத்ததும் கையை நிறுத்திவிட்டு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள், அவள் தெருவைப் பார்த்து அதை மறுபடியும் சொன்ன பிறகுதான் அடுத்த தையலை அறுத்தாள். தையல் நெருக்கமாக விழுந்திருந்தது, தோளிலிருந்து மணிக்கட்டுவரை இருந்தது, பஞ்சவர்ணம் நிறையத் தடவை சொல்ல வேண்டியிருந்தது.